காவலன் சொன்ன தீர்ப்பு

மருத்துவமனையின் கணினிப் பிரிவில் வேலை பார்த்த அந்தப் பெண்ணுக்கு மற்றவர்கள் வைத்த பெயர் மிளகாய். முகத்துக்கு நேரே யாரும் அப்படிக் கூப்பிட மாட்டார்கள், பயம். ஆனாலும் அது அவள் காதுக்கு வந்து வெகுநாளாயிற்று, வந்ததில் உள்ளூரக் கொஞ்சம் பெருமையும் உண்டு. கோபக்காரி என்று பேர் எடுத்தால் ஒரு வசதி, அநாவசியமாக யாரும் வந்து கழுத்தை அறுக்க மாட்டார்கள்.

அவளுடைய சண்டைகளில் பாதிக்குக் காரணம் ஒரே ஒரு சொல். தெரியாது. தனக்குத் தெரியாததைத் தெரியாது என்று பட்டென்று சொல்லிவிடுவாள். சொன்ன பிறகும் எதிரில் இருப்பவர் விடாமல் துருவினால் அப்புறம் நடப்பதற்கு அவள் பொறுப்பில்லை. கூட வேலை பார்த்த ஒருவர், தங்கமான மனிதர், அவளைக் கட்டிக்கொள்ள ஆசைப்பட்டு, "காலம் பூரா என்கூட சந்தோஷமா இருப்பியா?" என்று கேட்டார். எந்தப் பெண்ணும் வெட்கப்பட்டுத் தலையாட்டுகிற இடம் அது. இவள், "தெரியாதே. இருந்து பாத்தாதான் தெரியும்" என்றாள். அவர் வேறொரு பெண்ணைக் கட்டிக்கொண்டு இப்போது இரண்டு பிள்ளைகளோடு சௌக்கியமாக இருக்கிறார். வீட்டில் அண்ணன் தலையில் அடித்துக்கொண்டான். அண்ணிதான் வயிறு வலிக்கச் சிரித்துவிட்டு, "அவ கேட்டதுக்கு உள்ளதைச் சொல்லியிருக்கா. இதுல என்ன தப்பு?" என்று அவள் பக்கம் நின்றாள்.

அண்ணி என்றால் மிளகாய்க்கு அவ்வளவு பிரியம். மூன்றாவது மாடியில் இரண்டு அறை வீடு. அண்ணன் அச்சகத்தில் வேலை, காலையில் போய் இருட்டினால் வருவான். அண்ணி அதே மருத்துவமனையில் எலும்பு முறிவு வார்டில் நர்ஸ். குழந்தை பிறந்து வேலைக்குத் திரும்பிய அன்று, தலைமை நர்ஸான பெரியக்கா அண்ணியின் கையைப் பிடித்துக்கொண்டு, "ஒரே ஒரு மாசம் நைட் பாத்துக்கம்மா. ஆள் வந்ததும் மாத்திவிடறேன்" என்றார். வார்டில் மொத்தம் எட்டு நர்ஸ்கள், ராத்திரிக்கு ஒருத்தி இருந்தால் போதும். அந்த ஒருத்தி அண்ணி ஆனாள். ஒரு மாசம் என்றது நான்கு வருஷம் ஆகிவிட்டது. ஆள் வந்தது, போனது, இன்னும் வந்தது. அண்ணி மட்டும் ராத்திரியிலேயே கிடந்தாள்.

குழந்தையைப் பள்ளியில், அம்மா என்ன செய்வாள் என்று படம் வரையச் சொன்னார்கள். போர்வைக்குள் ஒரு உருவம், வெளியே இரண்டு பாதம். அம்மாவுக்கு உடம்பு சரியில்லையா என்று டீச்சர் அண்ணனை விசாரித்தார். பிள்ளை வரும்போது அண்ணி தூங்குவாள், பிள்ளை தூங்கும்போது கிளம்புவாள், பின்னே குழந்தை வேறு எதை வரையும்? அண்ணி அந்தப் படத்தை மடித்து யார் கண்ணிலும் படாமல் எடுத்து வைத்துவிட்டாள். மிளகாய் கண்ணில் மட்டும் அது பட்டுவிட்டது.

மறுநாளே மிளகாய் நிர்வாக அதிகாரியின் அறைக்குப் போனாள். அவருக்கும் ஒரு பட்டப்பெயர் உண்டு, பாத்துக்கலாம். எதைக் கொண்டுபோய் வைத்தாலும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "பாத்துக்கலாம்" என்பார். பார்க்கவே மாட்டார். ஆனால் அன்று இவள் நின்ற நிலையைப் பார்த்து என்ன நினைத்தாரோ, "நீங்களே கம்ப்யூட்டர் ஆளுதானே. எட்டு பேருக்கும் சமமா வர்ற மாதிரி ஒரு டூட்டி சார்ட் போட்டுக் குடுங்க. போட்டுடலாம்" என்றார்.

மிளகாய் அதை நம்பினாள். எட்டு நர்ஸ்களிடமும் தனித்தனியாகப் போய் உங்களுக்கு என்ன தோது, எது தோதில்லை என்று கேட்டாள். ஒருத்தி, ஞாயிறு ராத்திரியில் பஸ் கிடையாது என்றாள். இன்னொருத்தி, செவ்வாயும் வெள்ளியும் மாமியாருக்கு ஊசி போட ஆள் இல்லை என்றாள். மாவுக்கட்டு வாசனையில் தொடர்ந்து இரண்டு ராத்திரி இருந்தால் தலைவலி வருகிறது என்று ஒருத்தி. புருஷனுக்கு நைட் இருக்கும் வாரம் தனக்கு வேண்டாம் என்று ஒருத்தி. பெரியக்கா, "தலைமைன்னு ஒருத்தி வாரநாள்ல பகல்லதானே இருக்கணும்" என்றார். அத்தனையையும் மிளகாய் அப்படியே வேதவாக்காக எடுத்துக்கொண்டு புரோகிராமில் எழுதினாள். இதோடு அவளுடைய சொந்த நிபந்தனைகள் மூன்று. எல்லோருக்கும் சம அளவு நைட் வரவேண்டும். நைட் பார்த்தவளுக்கு மறுநாள் காலை ஷிப்ட் கூடாது. சுற்று முடியும்போது சார்ட் தொடங்கிய இடத்துக்கே திரும்பி வரவேண்டும், அப்போதுதான் அதையே திரும்பத் திரும்ப ஓட்டலாம்.

புரோகிராம் செய்வது இதுதான். ஒரு மாதத்தில் சுற்று முடிகிற மாதிரி ஒரு சார்ட் உண்டா என்று தேடும். இல்லையென்றால் இரண்டு மாதம், அதுவும் இல்லையென்றால் மூன்று மாதம், இப்படியே போய்க்கொண்டிருக்கும். கிடைத்த நிமிஷம் சார்ட்டை அச்சடித்துவிட்டு நின்றுவிடும். எத்தனை மாதம் வரை தேட வேண்டும் என்று அவள் வரம்பு வைக்கவில்லை. வரம்பு வைத்தால் அதற்கு அடுத்த மாதத்தில் இருக்கிற சார்ட் கைவிட்டுப் போகுமே, அதனால்தான்.

இந்த நேரம் பார்த்துத்தான் மருத்துவமனையில் காவலன் வந்து சேர்ந்தது. அதற்கு முந்தின மாதம் யாரோ எழுதிய ஒரு புரோகிராம் நிற்காமல் சுற்றிச் சுற்றிப் பெரிய கணினியை மடக்கிப் போட்டதில், லேப் முடிவுகள் ஒரு பகல் முழுக்க வரவில்லை. உடனே ஒரு கம்பெனிக்காரர் பையைத் தூக்கிக்கொண்டு வந்தார். காவலன் என்பதும் ஒரு புரோகிராம்தான். மற்ற எந்தப் புரோகிராமை அதனிடம் கொடுத்தாலும் அதை ஓட்டாமலேயே படித்துப் பார்த்து, இது நிற்கும், இது என்றைக்கும் நிற்காது என்று சொல்லிவிடுமாம். நிற்காது என்று சொன்னதைக் கணினியில் ஏற்றவே விடாது. எந்தப் புரோகிராமானாலும் சரி, தீர்ப்பு சொல்லும், ஒரு தடவைகூடத் தவறாது என்று கம்பெனிக்காரர் சத்தியம் செய்யாத குறை.

மிளகாயின் சார்ட் புரோகிராமும் காவலனிடம் போனது. கண்ணை மூடித் திறப்பதற்குள் பதில் வந்தது. நிற்காது.

அது வந்ததுகூடப் பெரிதில்லை. ஒரு யந்திரம் உளறினால் உளறட்டும் என்று விட்டிருப்பாள். மறுநாள் காலை எலும்பு முறிவு வார்டின் அறிவிப்புப் பலகையில் பாத்துக்கலாம் கையெழுத்துப் போட்டு ஒரு தாள் ஒட்டியிருந்தது. அனைவருக்கும் சமமான பணிச்சுற்று சாத்தியமில்லை என்பது கணினி மூலம் ஆராய்ந்து உறுதி செய்யப்பட்டுள்ளது, எனவே தற்போதைய ஏற்பாடே தொடரும். அண்ணி நைட் முடித்துக் கிளம்பும்போது அதைப் படித்திருக்கிறாள். வீட்டுக்கு வந்து கைப்பையைக்கூட இறக்காமல் நாற்காலியில் உட்கார்ந்து, "உன் கம்ப்யூட்டரே சொல்லிடுச்சாமே. நான் சாகற வரைக்கும் நைட்டுதானா?" என்று கேட்டாள்.

அதிகாரி செய்த வேலையைப் பாருங்கள். புரோகிராம் நிற்காது என்றால் சார்ட் கிடைக்காது, சார்ட் கிடைக்காது என்றால் நியாயமே கிடையாது, ஆகவே அண்ணி ராத்திரியிலேயே கிடக்கலாம். நான்கு வருஷமாக மழுப்பிக்கொண்டிருந்த விஷயத்துக்கு இப்போது விஞ்ஞான முத்திரை. மிளகாய்க்கு ரத்தம் தலைக்கு ஏறியது. செருப்பைப் போட்டாளா இல்லையா என்றுகூடத் தெரியாமல் கிளம்பினாள்.

ஆனால் நேராக அதிகாரியிடம் போய்க் கத்தவில்லை. அந்த அளவு நிதானம் எங்கிருந்து வந்ததென்று அவளுக்கே தெரியவில்லை. தன் இடத்தில் உட்கார்ந்து ஐந்தாறு வரியில் ஒரு புரோகிராம் எழுதினாள். அதற்குச் சித்தப்பா என்று பெயர் வைத்தாள்.

அவர்கள் குடும்பத்தில் உண்மையாகவே அப்படி ஒரு சித்தப்பா உண்டு. விசேஷத்துக்கு, "நீங்க எப்படியும் வரமாட்டீங்க" என்று சொன்னால் முதல் ஆளாக வந்து நிற்பார். "நீங்க கட்டாயம் வந்துடுவீங்க" என்றால் அன்றைக்குப் பார்த்து ஊரிலேயே இருக்க மாட்டார். அவரைப் பற்றி யார் என்ன ஜோசியம் சொன்னாலும், சொன்னது அவர் காதில் விழுந்துவிட்டால் போச்சு. மிளகாய் எழுதியதும் அதே ரகம். அந்தப் புரோகிராம் முதலில் காவலனைக் கூப்பிட்டு, என்னைப் பற்றி என்ன சொல்கிறாய் என்று கேட்கும். நீ நிற்பாய் என்று காவலன் சொன்னால், நிற்காமல் சுற்றிக்கொண்டே இருக்கும். நீ நிற்க மாட்டாய் என்று சொன்னால், அந்த நிமிஷமே நின்றுவிடும். அவ்வளவுதான்.

கம்பெனிக்காரரையும் வரவழைத்து வைத்துக்கொண்டு பாத்துக்கலாம் அறையில் அதைச் செய்துகாட்டினாள். காவலனிடம் சித்தப்பாவைக் கொடுத்தாள். நிற்காது என்றது. அதை இருவரையும் வாய்விட்டுப் படிக்கச் சொன்னாள், படித்தார்கள். பிறகு தன் மேஜைக் கணினியில், காவலனின் தடை இல்லாத இடத்தில், சித்தப்பாவை ஓட்டினாள். ஓட்டிய கையை எடுப்பதற்குள் நின்றுவிட்டது.

கம்பெனிக்காரர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "இப்படி வேணும்னே குதர்க்கமா எழுதினா எந்த சாஃப்ட்வேர்தான் மேடம் தாங்கும்? இந்த ஒண்ணை மட்டும் விதிவிலக்குல சேத்துடறோம்."

"சேத்துட்டு வாங்க. அந்தப் புதுக் காவலனைக் கேக்கற மாதிரி இன்னொரு சித்தப்பாவை எழுதித் தரேன்."

"எத்தனை எழுதுவீங்க?"

"நீங்க எத்தனை சேக்கறீங்களோ அத்தனை. சில புரோகிராமைப் பாத்து நிக்கும் நிக்காதுன்னு சொல்லிடலாம். எதைக் குடுத்தாலும் தப்பில்லாம சொல்ற ஒண்ணை உங்களால மட்டுமில்ல, யாராலயும் எழுத முடியாது. எழுதினா அதுக்கும் ஒரு சித்தப்பா வருவாரு. இதைக் கண்டுபிடிச்சு எத்தனையோ காலம் ஆச்சு. தெரிஞ்சுக்கிட்டே வித்தீங்களா, தெரியாம வித்தீங்களா?"

"ஏன் மேடம் இவ்வளவு கோபப்படறீங்க? உடம்புக்கு ஆகாது" என்றார் கம்பெனிக்காரர். ஒருத்தி நியாயத்தைக் கேட்டால் உடனே அவள் உடம்பின் மேல் இவர்களுக்கு வந்துவிடும் அக்கறை இருக்கிறதே, அதற்கே தனியாக ஒரு அறை விடலாம்.

பாத்துக்கலாம் கண்ணாடியைத் துடைத்து முடித்திருந்தார். "சரிம்மா. சித்தப்பா சமாசாரம் ஒரு விளையாட்டு. உங்க சார்ட் நிஜமான புரோகிராம். அது விஷயத்துல காவலன் சொன்னது சரியா இருக்கலாமில்ல?"

மிளகாய் பல்லைக் கடித்தாள். "இருக்கலாம்" என்றாள்.

"அப்ப?"

"இருக்கலாம்னுதான் சொன்னேன். உறுதியாயிடுச்சுன்னு நீங்க பலகையில ஒட்டியிருக்கீங்க. அது எப்படிப் பாத்துச்சு தெரியுமா? தேடறதுக்கு வரம்பு எழுதலன்னா கண்ணை மூடிக்கிட்டு நிக்காதுன்னுடும். அவ்வளவுதான் அதோட அறிவு."

"சரி, நீங்க சொல்லுங்க. உங்க புரோகிராம் நிக்குமா, நிக்காதா?"

"தெரியாது."

அதிகாரி கம்பெனிக்காரரைப் பார்த்துச் சிரித்தார். "அது நிக்காதுன்னு அடிச்சுச் சொல்லுது. நீங்க தெரியாதுங்கறீங்க. நான் தெரிஞ்சவங்க பேச்சைத்தானே கேக்கணும்?"

அந்தச் சிரிப்பைப் பார்த்து அவளுக்கு மேஜையையே கவிழ்த்துவிடலாமா என்று வந்தது. அவர் இன்னும் முடிக்கவில்லை. ஒரு வெள்ளைத் தாளை அவள் பக்கம் நகர்த்தினார். புரோகிராம் நிச்சயம் நிற்கும், சமமான சார்ட் நிச்சயம் இருக்கிறது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால், பலகையில் ஒட்டியதை எடுத்துவிடுவாராம். சார்ட் வரும் வரைக்கும் தற்காலிகமாக எல்லோரும் முறை வைத்து நைட் பார்க்கட்டும் என்று உத்தரவும் போடுவாராம். நாளை மறுநாள் வார்டில் கூட்டம் வைத்திருக்கிறார், அதற்குள் கொண்டுவந்தால் போதும்.

தாளை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். சாயங்காலம் வேலைக்குக் கிளம்பத் தலை வாரிக்கொண்டிருந்த அண்ணியிடம் நடந்ததைச் சொன்னாள். அண்ணிக்கு முகமே மாறிவிட்டது. சீப்பைக் கீழே வைத்துவிட்டு, "போட்டுட்டியா?" என்றாள்.

"எப்படிப் போடறது அண்ணி? நிக்கும்னு எனக்குத் தெரியாதே."

"அந்த மெஷினுக்கும்தான் தெரியாது. அது சொல்லுதில்ல?"

"அதுக்கு வெக்கம் கிடையாது. எனக்கு இருக்கு."

"உன் வெக்கத்தை வச்சு என் பிள்ளையைத் தூங்க வைக்க முடியுமா?" அண்ணி குரலை உயர்த்தவில்லை, அதுதான் கொடுமை. "ஒரு கையெழுத்து. ஊரே பொய் சொல்லுது. பெரியக்கா ஒரு மாசம்னு சொன்னது பொய். பலகையில ஒட்டியிருக்கறது பொய். நீ ஒருத்தி மட்டும் பத்தரைமாத்துத் தங்கமா இருந்து, அதுக்கும் சேத்து நான்தான் ராத்திரி முழிக்கணுமா?"

  மிளகாய்க்குப் பொங்கியது. "நாளைக்கு நிக்கலன்னா? நான் எழுதிக் குடுத்தது பொய்யின்னு சொல்லி உங்களைத் திரும்ப நைட்டுக்கே தள்ளுவாங்க. அப்புறம் நான் எதைச் சொன்னாலும் எடுபடுமா? இந்த வீட்ல என் பேச்சுக்கு ஒரு மரியாதைன்னா அது நான் தெரியாததைத் தெரியாதுன்னு சொல்றதாலதான்."

"மரியாதையை நீயே வச்சுக்கோ" என்று சொல்லிவிட்டு அண்ணி கிளம்பிப் போனாள். போகிறபோது குழந்தைக்குக் கை காட்டவும் மறந்துவிட்டாள். மிளகாய்க்கு யார் மேல் கோபப்படுவது என்று தெரியவில்லை. அண்ணி மேல் வந்தது, தன் மேல் வந்தது, கடைசியில் எப்போதும்போல் அந்த அதிகாரி மேல் வந்து நின்றது. பொய் சொன்னால் நியாயம் தருகிறேன் என்கிறவனை என்னவென்று சொல்வது?

கூட்டம் வார்டுக்குப் பக்கத்து அறையில் நடந்தது. ஊன்றுகோல்களும் சக்கர நாற்காலிகளும் அடைத்து வைத்திருக்கும் அறை. எட்டு நர்ஸ்களும் நின்றார்கள், அண்ணி நைட் முடித்த சிவந்த கண்ணோடு கதவோரம் நின்றாள். இரண்டு நாளாக அவள் மிளகாயோடு பேசவில்லை. பாத்துக்கலாம் ஒரு சக்கர நாற்காலியில் சௌகரியமாக உட்கார்ந்து, "கையெழுத்து?" என்றார்.

"போடல. நிக்கும்னும் எனக்குத் தெரியாது, நிக்காதுன்னும் யாருக்கும் தெரியாது. முடியாதுன்னு உறுதியாயிடுச்சுன்னு நீங்க ஒட்டியிருக்கறது பொய். இவங்க எல்லார் முன்னாடியும் சொல்றேன்."

"பாத்தீங்களா. எழுதினவங்களுக்கே நம்பிக்கையில்ல" என்று அவர் மற்றவர்கள் பக்கம் திரும்பினார்.

அப்போது கதவோரத்திலிருந்து அண்ணி பேசினாள். "சார், அவ போட்டிருந்தா இன்னைக்கே எனக்கு நைட் போயிருக்கும். போடச் சொல்லி நானே அவளைத் திட்டினேன். போடல. அதனால அவ சொல்றதை நான் நம்பறேன். முடியுமா முடியாதான்னு தெரியாது, அவ்வளவுதானே? தெரியற வரைக்கும் முறை வச்சுப் பாத்துக்குவோம். நாலு வருஷம் நான் பாத்தாச்சு. வர்ற வாரம் யாரு பாக்கறீங்க? கையைத் தூக்குங்க."

ஒரு கையும் எழவில்லை.

பஸ் இல்லாதவள் தரையைப் பார்த்தாள். தலைவலிக்காரி ஜன்னலைப் பார்த்தாள். பெரியக்கா, "கம்ப்யூட்டரே முடியாதுன்னு சொல்லியாச்சு, நாம என்னம்மா பண்றது?" என்று உருகினார். மிளகாய்க்கு அப்போதுதான் உறைத்தது. காவலன் சொன்னதை இவர்கள் யாரும் நம்பவில்லை. நம்பத் தேவையும் இல்லை. அப்படி ஒரு பதில் கிடைத்ததில் ஏழு பேருக்கும் பரம நிம்மதி, அவ்வளவுதான். ஏழு பேரிடமும் போய்ப் பணிவாகக் கேட்டு, சொன்ன சாக்கை எல்லாம் சட்டமென்று எழுதிக்கொண்டு வந்தது யார்? அவளேதான். அந்த முட்டாள்தனத்தை நினைத்ததும் காதெல்லாம் எரிந்தது.

அண்ணி சுற்றிலும் ஒரு முறை பார்த்தாள். "சரி. திங்கட்கிழமையிலேர்ந்து நான் காலையில வருவேன். ராத்திரிக்கு நான் இல்ல. இப்பவே சொல்லிட்டேன், அப்புறம் திடீர்னு விட்டுட்டுப் போனான்னு பேசக்கூடாது. ராத்திரிக்கு யார் வருவாங்கன்னு அந்தக் காவலனையே கேளுங்க."

"அப்படியெல்லாம் நீங்களா மாத்திக்க முடியாது. வேலையே போயிடும்" என்றார் அதிகாரி. இந்தத் தடவை பாத்துக்கலாம் என்று அவர் சொல்லவில்லை.

"போகட்டும் சார்" என்றாள் அண்ணி.

வெளியே படிக்கட்டில் மிளகாய் அவளை எட்டிப் பிடித்தாள். நிஜமாகவே வேலை போய்விட்டால் என்ன செய்வது என்று அவளுக்குப் பயம். "அண்ணி, தூக்கிடுவாங்களா?" என்றாள்.

"தெரியாது" என்றாள் அண்ணி. சொல்லிவிட்டு, இரண்டு நாளுக்குப் பிறகு முதல் தடவையாக அவள் தோளில் கை வைத்துக்கொண்டு இறங்கினாள்.

திங்கட்கிழமை காலை அண்ணி குழந்தைக்குத் தலை பின்னிவிட்டு, அதைப் பள்ளியில் விட்டுவிட்டு, வார்டுக்குப் போய் வருகைப் பதிவில் காலை ஷிப்டில் கையெழுத்துப் போட்டாள். அவளை யாரும் தடுக்கவில்லை. தடுத்தால் ராத்திரிக்கு மட்டுமல்ல, பகலுக்கும் ஒரு ஆள் குறையும் என்று கணக்குப் போட்டிருப்பார்கள். மதியம் வரை வார்டில் யாரும் யாரோடும் பேசவில்லையாம். மாவுக்கட்டுப் போட்ட நோயாளிகள்கூட அன்று தண்ணீர் கேட்கப் பயந்தார்களாம்.

மத்தியானம் தாண்டி மூன்று மணி இருக்கும். பெரியக்கா கணினிப் பிரிவுக்கு வந்தார். வந்து, மிளகாயின் மேஜைமேல் ஒரு தாளை வைத்து, "இதை டைப் பண்ணிக் குடும்மா. அதிகாரி கையெழுத்துக்குப் போகணும்" என்றார்.

பென்சிலில் கோடு கிழித்த டூட்டி சார்ட். எட்டுப் பெயர், எல்லோருக்கும் முறை வைத்து ஒரு வாரம் நைட். முதல் வாரம் பெரியக்கா. அடுத்த வாரம் பஸ் இல்லாதவள். அதற்கடுத்தது ஊசிக்காரி, செவ்வாயும் வெள்ளியும் சேர்த்து. அண்ணியின் பெயர் கடைசி வாரத்தில் இருந்தது. மிளகாய் எழுதிய நிபந்தனைகளில் பாதிக்குமேல் அதில் காற்றில் பறந்திருந்தன.

"இவங்க மாமியாருக்கு ஊசி?" என்று கேட்டாள். 

"அந்தம்மா தானே போட்டுக்குவாங்களாம்."

"பஸ்?"

"தம்பி கொண்டாந்து விடுவானாம்." பெரியக்கா அவள் கண்ணைப் பார்க்கவில்லை. "சீக்கிரம் குடும்மா, இன்னைக்கு ராத்திரி நான் வேற வரணும்."

"எப்ப போட்டீங்க இதை?"

"இப்பதான். சாப்பாட்டு நேரத்துல."

மிளகாய் டைப் செய்தாள். பெரியக்காவின் பெயரையே இரண்டு தடவை தப்பாக அடித்தாள். அவளுடைய சார்ட் புரோகிராம் அவள் வீட்டில், காவலன் இல்லாத பழைய கணினியில், அந்த நேரமும் ஓடிக்கொண்டுதான் இருந்தது. அது நிற்குமா என்று கேட்டால் இன்றைக்கும் அவள் பதில் பழைய பதில்தான். அதைப் பற்றி அன்று அவள் நினைக்கவே இல்லை. அச்சடித்ததைப் பெரியக்காவிடம் கொடுத்துவிட்டு, பென்சில் தாளைத் தன் பையில் போட்டுக்கொண்டாள்.

சாயங்காலம் வீட்டுக்குப் போனபோது அண்ணி சமையலறையில் தரையில் உட்கார்ந்து காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். குழந்தை அவள் முதுகில் சாய்ந்துகொண்டு பள்ளிக் கதை ஏதோ சொல்லிக்கொண்டிருந்தது. மிளகாய் எதிரில் உட்கார்ந்து விஷயத்தைச் சொன்னாள், தாளைக் கொடுத்தாள். அண்ணி ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வாங்கினாள். எட்டுப் பெயரையும் ஒவ்வொன்றாகப் படித்தாள். சிரிப்பாள் என்று மிளகாய் எதிர்பார்த்தாள். அண்ணி சிரிக்கவில்லை, தாளின் மூலையில் இருந்த மஞ்சள் கறையை விரலால் தேய்த்துப் பார்த்தாள்.

"இது என்ன?"

"எண்ணெய் அண்ணி."

"சாப்பிட்டுக்கிட்டேவா போட்டாங்க?"

"ஆமா."

அண்ணி மறுபடியும் அந்தக் கறையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "நாலு வருஷம்" என்றாள். அடுப்பில் வைத்திருந்த தண்ணீர் கொதித்து வழிந்தது. இரண்டு பேரும் எழுந்திருக்கவில்லை.